தென் கொரியா: கேம் தொழிலை வளர்த்த அரசு, கட்டிப்போட்ட அரசு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ கேம் என்று பேச்செடுத்தாலே நம் வீடுகளில் இரண்டு குரல்கள்தான். "பிள்ளைங்க கெட்டுப்போகுது, அரசாங்கம் தடை பண்ணணும்" என்பது ஒன்று. "எவ்வளவு பெரிய தொழில், அரசாங்கம் கைகொடுக்கணும்" என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில், முழு மூச்சோடு செய்துபார்த்த நாடு தென் கொரியா. அங்கே எது பலித்தது, எது சொதப்பியது என்பதைப் பற்றி நண்பர்களும் பெற்றோர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அப்பா. கேமும் ஆடுகிறவன்.

இத்தனை நாடுகள் இருக்க ஏன் தென் கொரியா?

சுமார் ஐந்து கோடிப் பேர் வாழும் நாடு. தமிழ்நாட்டைவிட மக்கள்தொகை குறைவு. ஆனாலும் உலக கேம் சந்தையில் அமெரிக்கா, சீனா, ஜப்பானுக்கு அடுத்த வரிசையில் நிற்கிறது. 2023-ல் அந்தத் தொழிலின் விற்பனை சுமார் 23 லட்சம் கோடி வொன், நம் பணத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். கொரியா என்றதும் நமக்குப் பாட்டும் சீரியலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்நாட்டின் பொழுதுபோக்குத் துறை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் கேம்களால் வருவது.

இது அரசு திட்டம்போட்டு வளர்த்த தொழிலா?

பாதி அப்படி, பாதி தானாக நடந்தது. காலனி ஆட்சியின் கசப்பால் ஜப்பானியப் பொழுதுபோக்குச் சரக்குகளுக்கு அங்கே நெடுங்காலம் தடை இருந்தது. 1998-ல் தளரத் தொடங்கிய அந்தத் தடை 2004 வரை கட்டம் கட்டமாகத்தான் விலகியது. அதனால் டிவியோடு இணைத்து ஆடும் ஜப்பானிய கன்சோல்கள் மற்ற நாடுகளைப் போல வீட்டுக்கு வீடு நுழையவில்லை. கணினியில் ஆடும் கேம்களுக்கோ திருட்டுப் பிரதிகளின் தொல்லை. பெட்டியில் போட்டு விற்றால் மறுநாளே நகல் வந்துவிடும். இணையத்தில் சந்தா கட்டி ஆடும் கேமுக்கு அந்தக் கவலை கிடையாது. நெக்சன் நிறுவனம் 1996-லும் என்சிசாஃப்ட் 1998-லும் இணைய கேம்களைக் கொண்டுவந்தது இந்தச் சூழலில்தான்.

1997 இறுதியில் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. பன்னாட்டு நிதியத்திடம் கையேந்த வேண்டிய நிலை. 1998-ல் குடியரசுத் தலைவரான கிம் டே-ஜுங் அதிவேக இணையத்தை நாடெங்கும் கொண்டுபோவதை மீட்சிக்கான வழியாகப் பிடித்துக்கொண்டார். வேலை போனவர்களில் பலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு 'பிசி பாங்' திறந்தார்கள். பாங் என்றால் அறை. வரிசையாகக் கணினிகள், மணிக்கணக்குக் கட்டணம், பக்கத்திலேயே சூடாக ராமென். அதே 1998-ல் ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினிப் போர் கேம் வெளியானது. சில ஆண்டுகளுக்குள் பிசி பாங்குகளின் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

இங்கே அரசின் பங்கு சாலை போட்டுக்கொடுத்தது என்பேன். எந்த வண்டி ஓட வேண்டும் என்று அது சொல்லவில்லை. 2000-ல் கலாச்சார அமைச்சகத்தின் ஒப்புதலோடு கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கம் தொடங்கியது. இ-ஸ்போர்ட்ஸ் என்றால் கேமைப் போட்டியாக ஆடுவது. போட்டிகள் தொலைக்காட்சிக்கு வந்தன.

ஊக்குவிப்புச் சட்டம் என்று பெயர் வைத்துவிட்டு ஏன் இத்தனை தடைகள்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கேமுக்கென்றே தனியாக 'கேம் தொழில் ஊக்குவிப்புச் சட்டம்' 2006 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் இசைத்தட்டு, வீடியோவோடு சேர்த்து ஒரே சட்டத்தில் கேமும் கிடந்தது. தனிச் சட்டம் வந்ததில் தொழிலில் இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் சில மாதங்களிலேயே 'பாதா இயாகி' விவகாரம் வெடித்தது. அந்தப் பெயருக்குக் 'கடல் கதை' என்று பொருள்.

அது கடைகளில் வைத்திருந்த ஓர் இயந்திரம். பணத்தைப் போட்டால் திரையில் கடல், மீன்கள், சுழலும் படங்கள். பொருந்தினால் பரிசுக் கூப்பன். காகிதத்தில் இது வெறும் பொழுதுபோக்கு, மதிப்பீட்டுக் குழுவின் சான்றும் இருந்தது. ஆனால் பக்கத்துக் கடையில் அந்தக் கூப்பனைக் கொடுத்தால் கமிஷன் பிடித்துக்கொண்டு பணமாகத் தருவார்கள். அதாவது சூதாட்டம். குடும்பங்கள் சேமிப்பை இழந்தன, சான்று கொடுத்தவர்கள் மீதே கேள்விகள் எழுந்தன, அரசு நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அதன் பிறகு 2006 அக்டோபரில் கேமுக்கென்று தனி மதிப்பீட்டுக் குழு அமைந்தது. 2007 தொடக்கத்தில் சட்டம் திருத்தப்பட்டு, விளையாட்டில் கிடைத்ததைப் பணமாக மாற்றித் தரும் தொழில் தடைசெய்யப்பட்டது. இதெல்லாம் தேவையான நடவடிக்கைதான், நான் மறுக்கவில்லை. கெடுதல் வேறு இடத்தில் வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆடும் கற்பனை உலகமும், கடனாளிகள் உட்கார்ந்திருந்த அந்த இயந்திரமும் ஒரே சட்டத்தில், ஒரே 'கேம்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டன. அதற்குப் பிறகு எந்த விதி எழுதினாலும் எழுதுகிறவர் மனத்தில் இருந்தது சூதாட்டக் கடைதான். பல ஆண்டுகள் கழித்து, கிரிப்டோ நாணயம் சம்பாதித்துக்கொண்டே ஆடும் கேம்கள் வந்தபோது அவற்றுக்குச் சான்று மறுக்கப்பட்டதும் சூதாட்டத்தைத் தடுக்க இதே சட்டத்தில் எழுதிய விதிகளால்தான். 2023-ல் நீதிமன்றமும் அந்த மறுப்பு சரி என்றது. அந்த இடத்தில் விதி நல்ல வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் சினிமாவுக்கு இருப்பது போல அங்கே தணிக்கைச் சான்று உண்டா?

உண்டு. எல்லோரும், 12, 15, 18 என நான்கு படிகள். 18-க்கு உட்பட்டவற்றைப் பெரும்பாலும் தனியார் அமைப்பும், ஆப் ஸ்டோர் நடத்தும் நிறுவனங்களுமே மதிப்பிட்டுக்கொள்கின்றன. பெரியவர்களுக்கானதும் சூதாட்டச் சாயல் உள்ளதும் பூசானில் உள்ள அரசு சார்ந்த கேம் மதிப்பீட்டு மேலாண்மைக் குழுவிடம் போகும். சான்று இல்லாமல் வெளியிட முடியாது.

இந்தக் குழுவோடு ஆட்டக்காரர்களுக்குப் பெரிய மனத்தாங்கல். 2022 அக்டோபரில் 'ப்ளூ ஆர்கைவ்' என்ற மொபைல் கேமை 18 வயதுக்கு மேல் என்று உயர்த்தச் சொன்னபோது, யார் பார்த்து, என்ன காரணத்தால் முடிவெடுத்தார்கள் என்ற விளக்கம் சரியாக வரவில்லை. கோபப்பட்டவர்கள் இணையத்தில் திட்டுவதோடு நிற்கவில்லை. குழுவின் கணக்கைத் தணிக்கை செய்யக் கேட்டு, தலைநகர் சோலில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஒரே நாளில் 5,000-க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். தணிக்கை நடந்தது. குழு ஒரு கணினி அமைப்பை உருவாக்கச் செலவழித்ததில் முறைகேடு இருந்தது 2023-ல் வெளிவந்தது. 2024-ல், உள்ளடக்கத்தைக் காரணம் காட்டி கேமைத் தடுக்கும் சட்டப்பிரிவையே எதிர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். கேம் ஆடுகிறவர்கள் பொறுப்பில்லாத பிள்ளைகள் என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

'ஷட்டவுன் சட்டம்' என்றால் என்ன?

16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை இணைய கேம் ஆடக் கூடாது என்ற சட்டம். 2011 நவம்பரில் அமலுக்கு வந்தது. 'சிண்டரெல்லா சட்டம்' என்று பட்டப்பெயர். கொண்டுவந்தது கலாச்சார அமைச்சகம் அல்ல. பாலினச் சமத்துவ, குடும்ப அமைச்சகம். ஒரு அமைச்சகம் தொழிலை வளர்க்க நிதி ஒதுக்க, இன்னொரு அமைச்சகம் அதே தொழிலுக்கு இரவில் பூட்டு போட்டது. இருவருக்கும் இடையே பல ஆண்டுகள் இழுபறி.

நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். தூங்காமல் ஆடும் பிள்ளைகளைப் பார்த்து அங்கேயும் பெற்றோர் தவித்துத்தான் இருந்தார்கள். ஆனால் சட்டம் எட்டியது கணினி கேம்களையும் சில கன்சோல் சேவைகளையும் மட்டுமே. கைபேசி கேம்களுக்கு விலக்கு. சட்டம் வந்த காலத்திலேயே பிள்ளைகள் கைபேசிக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். மாறாதவர்களுக்கு அம்மா, அப்பாவின் அடையாள எண் இருக்கவே இருந்தது. 2012-ல் பதினைந்து வயது ஸ்டார்கிராஃப்ட் 2 வீரர் ஒருவர் பிரெஞ்சுப் போட்டியொன்றின் தகுதிச்சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார். கொரியாவில் மணி பன்னிரண்டு ஆனதும் அவருடைய கணக்கு முடங்கிப்போனது. பெற்றோர் பெயரில் உள்ள கணக்கில் நுழைந்துதான் தொடர முடிந்தது. உலக அரங்கில் நாட்டின் பெருமை என்று ஒரு அமைச்சகம் கொண்டாடும் திறமை அது.

2014-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. கடைசியில் அதைச் சாய்த்தது மைன்கிராஃப்ட். 2021-ல் அந்த கேமின் கணக்குகளை மைக்ரோசாஃப்ட் தன் கணக்குமுறைக்கு மாற்றியது. கொரியாவுக்கென்று மட்டும் நள்ளிரவுப் பூட்டைப் பராமரிக்காமல், அங்கே 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கதவை அடைக்கும் நிலை வந்தது. கட்டைகளை அடுக்கி வீடு கட்டும், பள்ளிகளில் பாடமாகவே பயன்படுத்தும் ஒரு விளையாட்டு உலகத்திலேயே கொரியாவில் மட்டும் பெரியவர்களுக்கானதாக ஆகிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆகஸ்டில் அரசு ரத்து அறிவிப்பை வெளியிட்டது. 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இல்லை.

சரி, அந்தப் பத்து ஆண்டுகளில் பிள்ளைகள் கூடுதலாகத் தூங்கினார்களா?

கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. ஆய்வுகள் கண்டது மிகச் சிறிய பலன். கொரியப் பிள்ளைகள் தூங்காததற்குப் பெரிய காரணம் இரவு பத்து மணி வரை நீளும் தனிப்பயிற்சி வகுப்புகள். நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியில் படித்த பிள்ளைகளைக் கேட்டால் அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று சொல்வார்கள். நாள் முழுக்கப் படிப்பு, மிஞ்சிய ஒரே நேரம் நள்ளிரவு என்றால் பிள்ளை அந்த நேரத்தில்தான் ஆடும்.

இப்போதும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. 2012-ல் வந்த இன்னொரு ஏற்பாடு தொடர்கிறது: 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆட்ட நேரத்தைப் பிள்ளையோ பெற்றோரோ கேட்டுக்கொண்டால் நிறுவனம் வரையறுத்துத் தர வேண்டும். எல்லோருக்கும் ஒரே பூட்டு என்பது போய், குடும்பம் முடிவு செய்கிறது.

லூட் பாக்ஸ் விவகாரம் என்ன? அதில் அரசு எப்படித் தலையிட்டது?

எனக்குக் கொரிய அரசு செய்தவற்றில் மிகப் பிடித்தது இது. திருவிழாக் கடையில் காசு கொடுத்துச் சீட்டு கிழிப்போமே, அதுதான் லூட் பாக்ஸ். என்ன வரும் என்று தெரியாமல் பணம் கொடுத்து வாங்கும் பெட்டி. கொரிய கேம்கள் பல, இலவசமாக ஆடவிட்டு இதில்தான் சம்பாதித்தன.

2015 முதல் நிறுவனங்கள் தாங்களாகவே வாய்ப்பு விகிதங்களை வெளியிடுவதாகச் சொல்லிவந்தன. 2021 தொடக்கத்தில் நம்பிக்கை உடைந்தது. நெக்சனின் 'மேப்பிள்ஸ்டோரி' கேமில் பாத்திரத்தின் திறனை மாற்ற 'கியூப்' என்ற பொருளை வாங்கிப் பயன்படுத்த வேண்டும். அதில் எல்லோரும் ஏங்கிய சில சேர்க்கைகள் வரவே வராது, வாய்ப்பு பூஜ்யம் என்று தெரியவந்தது. ஆட்டக்காரர்கள் பணம் திரட்டி, எல்இடி திரை பொருத்திய லாரிகளை வாடகைக்கு எடுத்து, பல கேம் நிறுவனங்களின் வாசலில் தங்கள் கேள்விகளை ஓடவிட்டார்கள். 'லாரிப் போராட்டம்' என்றே பெயர் வந்துவிட்டது.

2024 ஜனவரியில் கொரிய நியாய வணிக ஆணையம் நெக்சனுக்கு சுமார் 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. வாய்ப்பு விகிதத்தை 2010 முதலே குறைத்ததும், 2011-ல் சில சேர்க்கைகளைப் பூஜ்யமாக்கியதும், அதை ஆட்டக்காரர்களுக்குத் தெரிவிக்காததும் குற்றம். அந்த ஆண்டு செப்டம்பரில் நுகர்வோர் முகமையின் சமரசத்தின் வழியாக சுமார் எட்டு லட்சம் பேருக்கு இழப்பீடு முடிவானது. நவம்பரில், தனியாக வழக்குத் தொடுத்த ஒருவருக்குச் செலவழித்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

இதற்கிடையே 2024 மார்ச் 22 முதல், எல்லா வாய்ப்பு விகிதங்களையும் வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். பொய் விகிதம் போட்டால் முதலில் திருத்தச் சொல்லி உத்தரவு. அதையும் மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி வொன் வரை அபராதம்.

ஷட்டவுன் சட்டத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது ஆடுகிறவரைச் சந்தேகப்பட்டது. பின்னது அவரை ஏமாறக்கூடிய நுகர்வோராக நினைத்து அவர் பக்கம் நின்றது. எடை குறைத்துப் போடும் கடைக்காரரிடம் தராசைக் காட்டச் சொல்வது போன்ற விதி. எந்தப் பிள்ளையின் விளையாட்டையும் அது கெடுக்கவில்லை.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் கொரியாவில் அலுவலகமே இல்லாத நிறுவனத்தை யார் போய்ப் பிடிப்பது என்ற சிக்கல் இருந்தது. அதனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வியாபாரம் செய்யும் வெளிநாட்டு நிறுவனங்கள் உள்நாட்டில் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும் என்ற விதி 2025 அக்டோபரில் அமலுக்கு வந்தது.

அரசு பணமாக என்ன உதவி செய்கிறது?

முக்கிய வழி கொரிய படைப்பு உள்ளடக்க முகமை. தனித்தனியாக இருந்த அமைப்புகளை 2009-ல் இணைத்து உருவாக்கியது. சிறு நிறுவனங்களுக்குத் தயாரிப்பு நிதி, வாடகை குறைந்த அலுவலக இடம், மொழிபெயர்ப்பு உதவி, வெளிநாட்டுக் கண்காட்சிகளில் அரங்கு என்று பல வகை. பூசான் நகரம் 2009 முதல் 'ஜி-ஸ்டார்' கண்காட்சியை நடத்துகிறது. இன்னொரு உதவியை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. கட்டாய ராணுவ சேவைக்குப் பதிலாக, தெரிவுசெய்யப்பட்ட தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை செய்யும் ஏற்பாட்டில் கேம் நிறுவனங்களும் இருந்தன. திறமையான இளம் நிரலாளர்கள் அவ்வழியாகவும் அந்தத் தொழிலுக்குள் வந்தார்கள்.

இ-ஸ்போர்ட்ஸில் தங்கம் வென்றால் ராணுவத்துக்குப் போக வேண்டாமாமே?

ஆம், மற்ற விளையாட்டுகளுக்கு உள்ள அதே விதிதான். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' கேமில் கொரிய அணி தங்கம் வென்றது; 'ஃபேக்கர்' என்று உலகம் அறிந்த லீ சாங்-ஹியோக்கும் அந்த அணியில் இருந்தார். சில வார அடிப்படைப் பயிற்சியும் பொதுச்சேவை நேரமும் முடித்தால் போதும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' கேமில் தங்கம் வென்ற கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. அவர் ராணுவ சேவையை எப்போதோ முடித்துவிட்டவர்.

கேம் அடிமைத்தனம் ஒரு நோய் என்று கொரிய அரசு ஏற்கிறதா?

இன்னும் உள்ளுக்குள்ளேயே சண்டை. 2013-ல் மது, போதைப்பொருள், சூதாட்டத்தோடு கேமையும் சேர்த்து நிர்வகிக்க ஒரு மசோதா வந்து பெரும் எதிர்ப்பில் நின்றுபோனது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' என்பதைச் சேர்த்தது. சுகாதார அமைச்சகம் அதை ஏற்கலாம் என்றது, கலாச்சார அமைச்சகம் கூடாது என்றது. பிரதமர் அலுவலகம் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேச வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், 2022-ல் கலாச்சார, கலை ஊக்குவிப்புச் சட்டத்தைத் திருத்தி, கேமும் கலைதான் என்று எழுதியும் வைத்தார்கள்.

இவ்வளவு ஆதரவு கொடுத்தும் அந்தத் தொழிலில் குறையே இல்லையா?

இருக்கிறது. எளிதாகப் பணம் வந்ததால் நிறுவனங்கள் பல ஆண்டுகள் லூட் பாக்ஸ் மொபைல் கேம்களிலேயே தேங்கிவிட்டன. சந்தையும் சீனாவை அதிகம் நம்பியிருந்தது. அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு கொரியாவுக்கு வந்ததில் சீனா கோபப்பட்டு, 2017 மார்ச்சிலிருந்து 2020 இறுதி வரை கொரிய கேம்களுக்குப் புதிய உரிமமே தரவில்லை. எந்த ஊக்குவிப்பு நிதியும் அந்த இழப்பை ஈடுகட்டவில்லை. இப்போது காற்று மாறுகிறது. 'டேவ் தி டைவர்', 'லைஸ் ஆஃப் பி', 'ஸ்டெல்லர் பிளேட்' போன்றவை காசு கொடுத்து ஒருமுறை வாங்கி, முழுக் கதையாக ஆடும் கேம்கள். உலகெங்கும் பேர் வாங்கின. அரசும் 2024-ல் அறிவித்த ஐந்தாண்டுத் திட்டத்தில் கன்சோல் கேம்களுக்கு முன்னுரிமை தந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் நள்ளிரவுத் தடை வந்ததே, அதுவும் இதுவும் ஒன்றா?

நேரம் ஒத்துப்போகிறது, குறி வேறு. 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகள் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கானவை. இரவு 12 முதல் காலை 5 வரை தடை, ஆதார் சரிபார்ப்பு, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு அனுமதி இல்லை. அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லும் என்றது. ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் வீடுகளை நினைத்தால், தடை பணத்தின் மேல் வைக்கப்பட்டது சரியென்றே சொல்வேன். கொரியா தடை வைத்தது பிள்ளையின் விளையாட்டின் மேல்.

பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடைசெய்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'ஊக்குவிப்பு', 'ஒழுங்குமுறை' இரண்டும் இருக்கின்றன. இ-ஸ்போர்ட்ஸையும் பணமில்லா விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்து, அவற்றை வளர்ப்பதாகச் சொல்கிறது. பிரித்தது நல்லது; 2006-ல் கொரியா செய்யாததை இங்கே எழுத்தில் செய்திருக்கிறார்கள். இனி அதை நடத்தும் அதிகாரிகள் கோயம்புத்தூரில் நாலு பேர் சேர்ந்து உருவாக்கும் ஒரு சிறு கேமைப் பார்க்கும்போது மனத்தில் ரம்மி செயலியை வைத்துக்கொண்டு பார்க்காமல் இருக்க வேண்டும். லூட் பாக்ஸ் விகிதத்தை வெளியிடச் சொல்லும் கொரிய விதி போன்ற ஒன்று இங்கே இன்னும் இல்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதுவரை பெற்றோர் என்ன செய்யலாம்?

ஆப்பிள் 2017 முதலும் கூகுள் 2019 முதலும், தங்கள் ஸ்டோரில் உள்ள கேம்கள் லூட் பாக்ஸ் விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியல் பெரும்பாலும் கடைப் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறியிலோ 'ஐ' குறியிலோ ஒளிந்திருக்கும். பிள்ளையோடு உட்கார்ந்து அதைத் திறந்து, 0.5 விழுக்காடு என்றால் சராசரியாக எத்தனை பெட்டி, எத்தனை ரூபாய் என்று ஒரு தாளில் கணக்குப் போடச் சொல்லுங்கள். என் மகன் போட்டான். இருநூறு பெட்டி என்று வந்தது. அப்புறம் அவனே கைபேசியில் வாங்குவதற்குக் கடவுச்சொல் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான்.